ஐந்து டிகிரியும் முப்பத்திநாலு டிகிரியும்

மேற்கு மாம்பலத்தில் மதுமதி படித்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. கணக்கு வகுப்பில் அவள் நின்றுகொண்டே எழுதலாம். பெஞ்சில் உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆட ஆரம்பிக்கும். பெஞ்சு ஆடும். பக்கத்தில் இருக்கிற பெண்களின் கையெழுத்து கோணல்மாணலாகப் போகும். டீச்சர் திட்டிப் பார்த்தார், அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார், கடைசியில் "நீ பின்னாடி ஜன்னல் பக்கம் நின்னுக்கோ, உன்னால மத்தவா மார்க் போறது" என்று விட்டுவிட்டார். ஜன்னல் திட்டில் நோட்டை வைத்து எழுதியே அவள் கணக்கில் முதலாவதாக வந்தாள்.

வளர்ந்த பிறகும் கால் நிற்கவில்லை. மனசும் அப்படித்தான். ஒரு கணக்குக்கு விடை வந்துவிட்டால் மற்றவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். இவளுக்கு அப்போதுதான் அரிப்பு எடுக்கும். இது எப்போது தப்பாகும், எந்த எண்ணைப் போட்டால் உடையும் என்று நோண்டிக்கொண்டே இருப்பாள். கல்லூரியில் கணிதம் படித்தாள். மென்பொருள் வேலைக்குப் போனாள். முதல் கம்பெனியில் அடுத்தவர் எழுதியதை உடைத்துப் பார்ப்பதுதான் வேலை. பிடித்திருந்தது, ஆனால் உடைந்ததைச் சரிசெய்ய விடமாட்டார்கள் என்பதால் விட்டுவிட்டாள். இரண்டாவது இடத்தில் மீட்டிங்கில் எழுந்து நடக்கிறாள் என்று புகார். மூன்றாவது இடத்திலிருந்து ஏன் விலகினாள் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

இதற்கு நடுவில் கல்யாணம் ஆகி மயிலாப்பூருக்கு வந்தாள். கணவன் குருபிரசாத் லஸ் பக்கம் பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தான். நாள் முழுக்க முதுகு பிடித்தவர்களையும் மூட்டு தேய்ந்தவர்களையும் படுக்க வைத்து "அசையாம இருங்கோ" என்று சொல்வதுதான் அவன் தொழில். வீட்டில் அந்த வார்த்தையை அவன் சொன்னதே இல்லை. சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டான்.

தரமணியில் சாய்நாத் நடத்தின சின்னக் கம்பெனியில் அவள் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். சாய்நாத் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வருடம் மூத்தவர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், பேச்சில் கெட்டிக்காரர். முட்டாள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் செய்தது இதுதான். இன்சுலின், தடுப்பூசி மாதிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் பெட்டியில் கிளம்பும்போது, உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். லாகர் என்பார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். வழியில் பெட்டி சூடாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் குறிப்பு என்று ஒன்று இருந்தால் அதைத் திருத்த நினைப்பவர்களும் இருப்பார்கள். அதைத் தடுக்கத்தான் ஹாஷ்.

ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எத்தனை பெரிய தகவலைப் போட்டாலும் அரைத்து, ஒரே நீளத்துக்கு ஒரு எழுத்து வரிசையைத் துப்பும். போட்டதில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வரிசை அடியோடு மாறிவிடும். லாகரில் விழும் ஒவ்வொரு குறிப்பும் முந்தைய குறிப்பின் ஹாஷையும் சேர்த்து அரைக்கப்படும். அதனால் நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்கப்புறம் எல்லாமே குலைந்துபோகும். பயணம் முடிகிற இடத்தில் வரும் கடைசி ஹாஷ் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் ஏறும். மருந்து அனுப்பும் ஏஜென்சி, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் கம்பெனி என்று மூன்று பேரிடமும் அதன் நகல் இருக்கும். ஒருவர் மட்டும் ரகசியமாக மாற்ற முடியாது.

அரைக்கும் கணக்கில் பல வகை உண்டு. இவர்களுடைய லாகரில் இருந்தது ஷா-3. அவள் சேர்வதற்கு முன்பே யாரோ போட்டுவிட்டுப் போனது. புதியது, கெட்டியானது. யாரும் குறை சொல்ல முடியாது.

மே மாதம் வந்ததும் குறை வந்தது.

அடையாரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதமாகச் சோதனை முறையில் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. "ஆப் சுத்திக்கிட்டே இருக்கு" என்று புகார்மேல் புகார். மற்றவர்கள் நெட்வொர்க் சரியில்லை என்று எழுதி மூடினார்கள். மதுமதிக்குப் பொறுக்கவில்லை. கத்திரி வெயிலில், மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போய் நின்றாள்.

பெட்டி கொண்டுவரும் தங்கவேல் பைக்கை நிறுத்தினான். நொச்சிக்குப்பத்துக்காரன், அவள் வயதுதான் இருக்கும். பெட்டியை இறக்கி வைத்து மூடியைத் திறந்து, போனை லாகரின் மேல் பிடித்தான். மூடியைத் திறந்தால்தான் போன் லாகரைப் படிக்கும். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. பதிவு திருத்தப்படவில்லை என்று காட்டும் பச்சை டிக் வராமல் உள்ளே விடக்கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு.

"இன்னா மேடம் இது, இப்டி சுத்திக்கினே கீது?" என்றான் தங்கவேல். "கிட்டக்கேருந்து வந்த பொட்டின்னா சட்டுனு முடிஞ்சிடுது. இது பெங்களூருலேருந்து வந்துக்கினு கீது. அங்கங்க குடோன்ல நின்னு ரெண்டு நாள் ஆச்சு. சுத்துறது நடுவுல நின்னா மறுபடி மொதல்லேருந்து. நான் மூடியத் தொறந்துக்கினு வெயில்ல நிக்கிறேன். ஐஸு தண்ணியாப் போய்க்கினு கீது."

மதுமதி குனிந்து பெட்டியின் விளிம்பில் கையை வைத்தாள். உள்ளிருந்து குளிர்ந்த காற்று அவள் விரல்களுக்கு நடுவே ஏறி வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. மருந்து பத்திரமாக வந்ததா என்று சரிபார்க்கிற நேரத்திலேயே அது கெட்டுக்கொண்டிருந்தது.

"தூரத்துலேருந்து வந்தா லேட்டாகுதா?" என்று கேட்டாள்.

"ஆமா மேடம். அதான் சொல்லிக்கினு கீறேன். யாரு கேக்குறாங்க?"

அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நெட்வொர்க் காரணம் என்றால் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. நீண்ட பயணம் என்றால் குறிப்புகள் அதிகம். ஒவ்வொரு முறை போனைக் காட்டும்போதும் லாகர் முதல் குறிப்பிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் திரும்ப அரைக்கிறது. பெரிய கம்ப்யூட்டரில் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. பொத்தான் பேட்டரியில் ஓடும் சின்னச் சில்லுக்கு ஷா-3 மூச்சு வாங்கும் வேலை.

தரமணிக்குத் திரும்பும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவள் ரயில்பெட்டியின் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடந்தாள்.

சாய்நாத் முழுதும் கேட்டார். "அப்ப ஹாஷை மாத்துங்க. எது வேகமோ அது. எம்டி-ஃபைவ் போடுங்க" என்றார்.

"எம்டி-ஃபைவ் பழைய கணக்கு சார். ரெண்டு கோப்புக்கு ஒரே ஹாஷ் வரவைக்கலாம்னு ஆகி, அது உடைஞ்சுபோய் எத்தனையோ வருஷம் ஆச்சு."

"எல்லாருக்கும் தெரியும். ஆனா எதுல உடைஞ்சுது? நேர்மையா பதிவான ஒரு கோப்பைக் குடுத்து, இதே ஹாஷ் வர்ற மாதிரி இன்னொண்ணு பண்ணுன்னா இன்னிவரைக்கும் யாராலயும் நடைமுறையில முடியலை. நமக்கு வேண்டியது அதுதானே? இது இன்சுலின் டப்பா, மதுமதி. பேங்க் இல்ல. அடுத்த வாரம் ஆஸ்பத்திரில டெமோ. அது கைவிட்டுப் போச்சுன்னா இங்க பாதிப் பேரை நான் வீட்டுக்கு அனுப்பணும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அவளைத் தொல்லைப்படுத்தியது. முழுப் பொய்யாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

முதலில் அளந்து பார்க்கலாம் என்று ஒரு லாகரை மேஜைமேல் வைத்து, ஒரே பயணத்தின் குறிப்புகளை ஒவ்வொரு கணக்காகப் போட்டு ஓட்டினாள். ஷா-3 ஒரு தடவைக்கு முக்கால் நிமிஷத்துக்கு மேல் எடுத்தது. ஷா-256 நாலைந்து விநாடியில் முடித்தது. பிளேக்-2 அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். எம்டி-ஃபைவ் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. ஆனால் அதற்கும் பிளேக்-2க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதே கணக்குகளைப் போனில் ஓட்டினால் வரிசையே மாறியது. போனின் சில்லுக்குள் ஷா-256க்கென்றே தனி உறுப்பு இருக்கிறது, அதனால் அங்கே அது பறந்தது. எது வேகம் என்ற கேள்விக்கு எங்கே என்று கேட்காமல் பதிலே இல்லை.

மறுநாள் காலை குருபிரசாத் காபி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு? காலங்கார்த்தால ஏன் இப்படி உலாத்திண்டு இருக்கே?"

"வேகமா இருக்கறது பத்திரமில்லே. பத்திரமா இருக்கறது வெயில்ல நிக்க வைக்கறது. நடுவுல ரெண்டு இருக்கு. ஆனா அவர் இருக்கறதுலயே வேகமானதுதான் வேணும்ங்கறார்."

"அந்த வேகமானதை யாராவது ஏமாத்துவாளா?"

"அவர் மாட்டாங்கறார்."

"நீ?"

மதுமதி நின்றாள். "எழுதறவனே ஏமாத்தறவனா இருந்தா முடியும்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது முழுசாகக் கேட்டது.

சாய்நாத் சொன்னது வெளியாளுக்குப் பொருந்தும். ஏற்கெனவே பதிவான கோப்புக்கு வெளியாளால் ஜோடி பண்ண முடியாது. ஆனால் கோப்பை உண்டாக்குகிறவனே இரண்டு கோப்புகளை முன்கூட்டியே தயாரித்தால்? ஒன்றில் பெட்டி குளிராக வந்தது, மற்றொன்றில் சூடாகிக் கெட்டுப்போனது. இரண்டுக்கும் ஒரே ஹாஷ். குளிர்ந்ததை ஆஸ்பத்திரிக்குக் காட்டி மருந்தை விற்கலாம். சூடானதை இன்சூரன்ஸுக்குக் காட்டி நஷ்ட ஈடும் வாங்கலாம். பிளாக்செயினில் இருக்கும் ஹாஷ் இரண்டுக்கும் பொருந்தும். மூன்று பேர் கையில் நகல் இருந்தும் மூன்று பேரும் ஒரே பொய்க்குச் சாட்சி சொல்வார்கள். லாகரும் கோப்பும் ஏஜென்சியின் கையில்தான் இருக்கின்றன.

எம்டி-ஃபைவில் இப்படி ஜோடி செய்வதற்கான கருவிகள் ஆராய்ச்சிக்காரர்கள் வெளியிட்டு இணையத்திலேயே கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆபீசில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் அவற்றில் ஒன்றை ஓடவிட்டாள். குறிப்பின் முடிவில் யாரும் பார்க்காத ஒரு காலிப் புலம் இருந்தது. ஹாஷை ஒத்துப்போக வைக்கச் சேர்க்கும் அர்த்தமில்லாத எழுத்துகளை அதில் போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை வீட்டில் யாரோ ஏதோ கேட்டார்கள், ஏதோ பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை குருபிரசாத் மந்தைவெளியில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கூப்பிட்டதற்கு, "நீ போ, நான் அப்பறம் வரேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தரமணியில் ஆள் அரவமே இல்லை. ஏ.சி. போடவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவள் மேஜைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். முடியாமல் போய்விட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. முடியவில்லை என்றால் சாய்நாத் சொன்னதைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். அந்த நினைப்பு வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் இரைச்சல் அடங்கியது. திரையில் இரண்டு கோப்புகள். முதலாவதைத் திறந்தாள். பெட்டி வழி முழுக்க ஐந்து டிகிரி. இரண்டாவதைத் திறந்தாள். ஓசூர் தாண்டியதும் ஏறத் தொடங்கி முப்பத்திநாலு டிகிரி. இரண்டின் ஹாஷையும் எடுத்துப் பார்த்தாள். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. நம்பாமல் திரும்ப எடுத்தாள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் எடுத்தாள். எங்கே எடுத்தாலும் அதேதான். வெற்றி என்று அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சாய்நாத்திடம் காட்டினாள். அவர் இரண்டு ஹாஷையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"இது எத்தனை பேருக்குச் செய்யத் தெரியும்?" என்றார்.

"எனக்கே ஒரு வாரக் கடைசியில வந்துடுச்சே சார்."

"டெமோ நாளான்னிக்கு. எம்டி-ஃபைவ் போட்டு டெஸ்ட் எல்லாம் முடிஞ்சாச்சு. இப்ப எதையும் மாத்தினா எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும். டெமோ முடியட்டும். கான்ட்ராக்ட் கையெழுத்தானதும் நீங்க கேக்கறதையே போட்டுக்கலாம். அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும்."

"அதுக்குள்ள நிஜப் பெட்டிங்க போகும் சார்."

"போகட்டும். வெயில்ல நிக்காதுல்ல? நீங்கதானே அதைச் சொன்னீங்க?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தவள் மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் கொஞ்ச நேரம் நடந்தாள்.

புதன்கிழமை டெமோ. ஆஸ்பத்திரியின் மருந்தகத் தலைவி சூடாமணி, கணக்கதிகாரி ஒருவர், இந்தப் பக்கம் சாய்நாத்தும் மதுமதியும். சூடாமணிக்கு ஐம்பது வயதுக்கு மேல். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். சாய்நாத் பெட்டியைத் திறந்து போனைக் காட்டினார். டக்கென்று பச்சை டிக் விழுந்தது. கணக்கதிகாரி "அட!" என்றார்.

சூடாமணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு. போன மாசம் இது நின்ன நிப்புல ரெண்டு பெட்டியை நான் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு" என்றார். பிறகு, "பதிவானதை யாராலயும் மாத்த முடியாதுன்னு சொல்றீங்க. சரி. பெட்டியை அனுப்புற ஏஜென்சியால முடியுமா?" என்று கேட்டார்.

"பிளாக்செயின்ல ஏறினதை யாராலயுமே மாத்த முடியாது மேடம்" என்றார் சாய்நாத்.

அதில் பொய் ஒரு சொல் கூட இல்லை. ஏறினதை மாற்ற முடியாதுதான். சூடாமணியின் பார்வை அவரிடமிருந்து மதுமதிக்கு வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அவள் கால் மேஜைக்கடியில் ஆடி, கணக்கதிகாரியின் காபி டம்ளர் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

"ஏஜென்சியால ஏமாத்த முடியும் மேடம்" என்றாள் மதுமதி.

சாய்நாத் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"எப்படி?" என்றார் சூடாமணி.

அவள் மடிக்கணினியைத் திருப்பி இரண்டு கோப்புகளையும் காட்டினாள். இது குளிர்ந்த பெட்டி, இது கெட்டுப்போன பெட்டி, இரண்டுக்கும் உங்கள் ஆப் பச்சை டிக்தான் போடும் என்றாள். போட்டும் காட்டினாள். இரண்டு தடவையும் டக்கென்று பச்சை விழுந்தது. அந்த வேகத்தைப் பார்க்க இப்போது அசிங்கமாக இருந்தது.

கணக்கதிகாரி கொதித்தார். "அப்ப இதைத்தான் எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?"

"இருங்க" என்றார் சூடாமணி. "இதை நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

"இந்த வழி பழசு மேடம். இதுக்குப் பொருந்துமான்னு பாத்தேன். பொருந்திடுச்சு."

"இதைச் சரிபண்ண முடியுமா? வெயில்ல நிக்காம?"

"முடியும். பழைய ஹாஷ் கெட்டி, ஆனா மெதுவு. ரெண்டும் சேர்ந்து வர கொஞ்சம் டைம் வேணும்."

சூடாமணி சாய்நாத்தைப் பார்த்தார். "ஒரு மாசம் எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் பழைய கெட்டியானதே இருக்கட்டும். பெட்டியை நிழல்ல தொறக்க நான் வழி பண்றேன், வாட்ச்மேன்கிட்ட சொல்லிடறேன்." எழுந்துகொண்டவர் ஏதோ ஞாபகம் வந்தாற்போல் நின்றார். "நிழல்ல தொறக்கணும்னு இத்தனை நாள் நானும் யோசிக்கலை பாருங்க."

திரும்பும்போது ஆட்டோ இந்திரா நகரைத் தாண்டியது. சாய்நாத் சொன்னார்: "நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா என்கிட்ட சரின்னு தலையாட்டிட்டு அங்க போய்ச் சொன்னீங்க. அது எனக்கு மறக்காது."

"அப்ப நிஜமாவே சரின்னுதான் நினைச்சேன் சார். அந்தம்மா கேட்டதும் முடியலை" என்றாள்.

அந்த ஒரு மாசம் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. முதலில் பிளேக்-2 போட்டாள். இவ்வளவு வேகத்தில் இவ்வளவு கெட்டி வேறெதிலும் இல்லை என்பது அவள் கணிப்பு. ஆஸ்பத்திரியின் தணிக்கைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் ஏற்கும் கணக்குகளின் வரிசையில் அது இல்லையாம். அதில் குறை உண்டா என்று கேட்டால் குறை ஒன்றும் இல்லை, வரிசையில் இல்லை, அவ்வளவுதான். ஷா-256 வரிசையில் இருந்தது. இத்தனை வருஷம் உலகம் முழுக்க ஆட்கள் முட்டி மோதியும் உடையாதது. சரி என்று அதற்கே வந்தாள். ஆனால் நாலைந்து விநாடி அவளை உறுத்தியது. திறந்த பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தவளுக்கு நாலைந்து விநாடி என்பது கொஞ்ச நேரமாகத் தெரியவில்லை.

பிறகுதான் அவள் கணக்கை விட்டுவிட்டு அது ஓடும் விதத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஏன் அரைக்க வேண்டும்? குறிப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஹாஷ் எடுத்து, அவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, மேலே போகப் போக ஒரே ஹாஷில் முடித்தால் போதும். புதுக் குறிப்பு வரும்போது அது இருக்கும் கிளையை மட்டும் திரும்பக் கணக்கிட்டால் உச்சி தானாக வந்துவிடும். பிளாக்செயின்காரர்கள் எல்லோரும் அறிந்த முறைதான் இது. இங்கே யாரும் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். அப்படி மாற்றியதும் ஷா-256 முன்பு எம்டி-ஃபைவ் எடுத்ததைவிடக் குறைந்த நேரத்தில் முடித்தது. இத்தனை நாள் எந்த ஹாஷ் என்று அடித்துக்கொண்டதில் பாதிச் சண்டை தேவையே இல்லாதது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் பெட்டி வாங்கும் மருந்தகங்களிலும் திரிந்துகொண்டிருந்த லாகர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத்தான் மாற்ற வேண்டும். அதற்கு ஆள் அனுப்பலாம் என்றார் சாய்நாத். "நானே போறேன்" என்றாள் மதுமதி. அடையார், மயிலாப்பூர், தி.நகர் என்று மருந்தகம் மருந்தகமாக ஏறி இறங்கினாள். பாண்டி பஜார் பக்கம் ஒரு கடையில் பெட்டியில் லாகரையே காணோம், யாரோ கடிகார பேட்டரிக்காக அதைக் கழற்றியிருந்தார்கள். இன்னொரு கடையில் அதை எலிமருந்து என்று நினைத்துத் தூர வைத்திருந்தார்கள். சில நாள் தங்கவேலின் பைக்கிலேயே போனாள்.

"ஆபீஸ்ல சேர் குடுக்கலியா மேடம் உங்களுக்கு?" என்று கேட்டான் அவன்.

"குடுத்தாங்க. எனக்குத்தான் உக்கார வரலை."

"எனக்கு உக்கார நேரமில்ல, உங்களுக்கு உக்கார வரல. போங்க மேடம்" என்று சிரித்தான்.

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் சாய்நாத் எந்த வெளிச் சந்திப்புக்கும் மதுமதியை அழைத்துப்போகவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதும் இல்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். வேறு வேலை தேடலாமா என்று அவள் வீட்டில் இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தாள்.

"பிடிக்கலேன்னா விட்டுடு. ஆனா இந்தத் தடவை ஏன் விடறோம்னு தெரிஞ்சுண்டு விடு" என்றான் குருபிரசாத். அவளுக்கு ஏன் என்று தெரியவில்லை. அதனால் இருந்துவிட்டாள்.

மழைக்காலத்தில், ஐப்பசி மாதம், மயிலாப்பூரில் ஒரு மருந்தகத்தில் முதல்முறையாகச் சிவப்பு விழுந்தது. ஆப் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் புகார் செய்தார். மதுமதி குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். கோப்பைப் பிரித்துப் பார்த்தாள். ஆப் சரியாகத்தான் இருந்தது. பயணத்தின் நடுவில் சில குறிப்புகளை யாரோ திருத்தியிருந்தார்கள். லாகரின் நினைவகத்தில் இருபத்தொன்பது இருந்த இடங்களில் கோப்பில் ஆறு. திருத்தியது யாரென்று விசாரித்தார்கள். ஏஜென்சி கையை விரித்துவிட்டது, கடைசிவரை தெரியவில்லை. பெட்டி திரும்பிப் போனது. வேறு பெட்டி வந்தது. அந்த இன்சுலினை வாங்கிப் போட்டுக்கொள்ளவிருந்த யாருக்கும் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

மறுநாள் சாய்நாத் அவள் மேஜைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எம்டி-ஃபைவ்வா இருந்திருந்தாலும் இது மாட்டியிருக்கும். இது பதிவானப்புறம் திருத்தினது" என்றார்.

"மாட்டியிருக்கும் சார்" என்றாள் மதுமதி. அதுதான் உண்மை.

"சனிக்கிழமை தி.நகர்ல இன்னொரு ஆஸ்பத்திரிக்காரங்களைப் பாக்கறேன். நீங்களும் வாங்க" என்றார். "ஆனா ஒண்ணு. ஏதாவது உடையும்னா அங்க போறதுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிடுங்க. நானும் கேக்கறேன்."

அவர் போன பிறகு அவள் ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டாள். கீழே ஆபீஸ் பஸ்கள் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. ஷா-256 உடைந்தால் அந்த லாகர்களையெல்லாம் எப்படித் திரும்ப மாற்றுவது என்று அவளுக்கு யோசனை ஓட ஆரம்பித்திருந்தது.